பதினேழு தவணை

வரி பாக்கி வைத்திருப்பவர்கள் உடனே கட்டவும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோதே முத்துச்செல்வி பயந்துவிட்டாள். மூன்றாம் நாள் கேட்டிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆனையூரில் அந்தச் சந்தில் பதினோரு வீடு. அதில் நாலு வீட்டுக்குப் பாக்கி இருந்தது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் முன்கூட்டியே ஆபீசுக்குப் போய்ப் பேசிவிட்டார்களாம். பேசத் தெரிந்தவர்களுக்கு எந்த ஊரிலும் கவலை இல்லை.

பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். பதினெட்டு அரையாண்டு வரியும் அபராதமும் சேர்த்து. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் குடிதண்ணீர் இணைப்பைத் துண்டிப்பார்கள், அதற்குப் பிறகு வீட்டுக்குச் சீல். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் ‘சு. பீமாராவ்’ என்று போட்டிருந்தது.

பீமாராவ் அவளுடைய தம்பி. ஓசூரில் வேலை, அங்கேயே குடும்பம். வீடு அவன் பேரில் இருந்ததற்கு யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. அப்பா சுருளி, அலங்காநல்லூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து கிளம்பி மில்லில் சேர்ந்து, இரண்டேகால் சென்ட் வாங்கி, வருஷத்துக்கு ஒரு சுவராக எழுப்பிய மனிதர். இழுத்துக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் மகன் பேருக்கு எழுதிவைத்தார். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து ரிஜிஸ்தர் ஆபீஸ் படியேற்றியவளே முத்துச்செல்விதான். புருஷன் முத்துப்பாண்டி லாரியில் அடிபட்டுப் போய், பிள்ளையும் இல்லாமல் அவள் பிறந்த வீட்டுக்கு வந்து அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது. “தம்பி ஒன்னைய விட்டுருவானா?” என்றார் அப்பா. “விடமாட்டான்ப்பா” என்றாள் இவள். அத்தோடு முடிந்தது பாகப்பிரிவினை.

அப்பா இருந்தவரை அரையாண்டுக்கு ஒருமுறை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் வரி கட்டிவிட்டு வருவார். அவர் போனபிறகு, அக்கா கட்டுவாள் என்று தம்பி இருந்தான். தம்பி கட்டுவான் என்று அக்கா இருந்தாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

நோட்டீஸை உரித்தெடுத்து மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் அவன் மனைவி பாண்டிமீனா காதில் விழும். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை வச்சுக்கிட்டு இன்னும் என்ன பண்ணப் போறோம்? வித்துட்டு அங்கிட்டு ஒரு இடம் வாங்கலாம்ல” என்று சொல்கிறவள் அவள். இப்போது நாற்பதாயிரம் பாக்கி என்றால் சும்மா இருப்பாளா? வீட்டுக்கு விலை பேசக் காரணம் கிடைத்துவிடும். ஆகவே தம்பிக்குத் தெரியாமல், தம்பி வீட்டு வரியைத் தானே கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். எதை வைத்துக் கட்டுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி மாசம் ஒன்பதாயிரத்து ஐநூறு வாங்குகிறவளிடம் நாற்பதாயிரம் எங்கே இருக்கும்?

வரி வசூல் ஆபீசில் கவுண்டரில் இருந்தவள் முனீஸ்வரி. முப்பத்தைந்து வயது இருக்கும், சிடுசிடுப்பு இல்லாத முகம். நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “மொத்தமா கட்ட முடியலைன்னா பகுதி பகுதியா கட்டலாம்க்கா. இப்ப அனுமதி குடுக்குறாங்க. மாசாமாசம் கையில இருக்கறதக் கட்டுங்க, தண்ணிய நிப்பாட்ட மாட்டாங்க” என்றாள்.

முத்துச்செல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நல்லா இருப்ப தாயி. இன்னைக்கே ரெண்டாயிரம் கொண்டாந்திருக்கேன்.”

“இருங்க, இருங்க. அதுக்கு ஓனர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். பீமாராவ் யாரு, ஒங்க வீட்டுக்காரரா?”

“தம்பி. ஓசூர்ல இருக்கான்.”

“அவரை ஒரு நாளைக்கு வரச் சொல்லுங்க.”

“அவன் வர முடியாதும்மா. லீவு கெடைக்காது. நான் அவங்கூடப் பொறந்தவதான, நான் போட்டா ஆகாதா?”

முனீஸ்வரி தலையாட்டினாள். “ஓனர் போடணும். இல்லைன்னா வாடகைக்குக் குடியிருக்கவங்க போடலாம், ஓனருக்காக நாங்க கட்டுறோம்னு. கூடப் பொறந்தவங்கன்னு ரூல்ல இல்லக்கா. நான் என்ன செய்ய?”

பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் வாயாலேயே ‘உச்’ கொட்டினார். முத்துச்செல்வி ஒரு நிமிஷம் நின்றாள். ஓசூர் போன், பாண்டிமீனாவின் குரல், தட்டிப் பார்க்கப்படும் சுவர், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்துபோயின.

“அப்ப வாடகைக்கு இருக்கேன்னே எழுதிக்க தாயி” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். முனீஸ்வரியும் சிரித்தாள். நல்ல எண்ணத்தில்தான் சிரித்தாள், பாவம். அவளே எழுதியும் கொடுத்தாள்: ‘மேற்படி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் முத்துச்செல்வி, க/பெ முத்துப்பாண்டி ஆகிய நான், உரிமையாளருக்காக வரி நிலுவையைப் பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதி கோருகிறேன்.’ முத்துச்செல்வி எட்டாவது வரை படித்தவள். முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் என்ன எழுதினால் என்ன, வீடு வீடுதானே என்று நினைத்தாள். சீல் குத்தி ஒரு நகலையும் அவளிடம் கொடுத்தார்கள்.

பிறகு பதினேழு மாதம் நாய் படாத பாடு. ஆனையூரிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மெஸ்ஸில் மூன்று வேளைச் சாப்பாடு உண்டு என்பதால் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதையே நிறுத்தினாள். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். காதில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். மெஸ்ஸில் கூட வேலை பார்க்கிற சுந்தரம்மாள், “என்னடி இது, ஒம் புருஷன் செத்தப்பக்கூட நீ தோட்டைக் கழட்டலையே” என்று கேட்டதற்கு, “புண்ணா இருக்குக்கா” என்று மழுப்பினாள். ஒரு மாதம் மூவாயிரம், ஒரு மாதம் நாலாயிரம், காய்ச்சல் வந்து படுத்த மாதம் எழுநூறு. இடையில் வந்த புது அரையாண்டு வரிகளும் சேர்ந்துகொண்டன. எழுநூறு கட்டப் போன அன்றைக்கு அவள் முகம் செத்துப்போயிருந்தது. “எம்புட்டா இருந்தாலும் பரவாயில்லக்கா, அதான் பகுதி பகுதியாங்கறது” என்று முனீஸ்வரிதான் தேற்றி அனுப்பினாள்.

ஒவ்வொரு ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் பைலில் வரிசையாக அடுக்கினாள். வரி ரசீது யார் கையில் இருக்கிறதோ வீடு அவர்களைச் சேர்ந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் உண்டு. சட்டம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரசீதுகள் எல்லாம் பீமாராவ் பேரில்தான் வந்தன. ஆனாலும் அந்தப் பைல் கனக்கக் கனக்க, இந்த வீட்டில் இனி தன்னை யாரும் அசைக்க முடியாது என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. அப்பா கட்டிய சுவரில் தானும் நாலு வரி செங்கல் வைத்துவிட்டதாகவே நம்பினாள்.

பதினேழாவது தவணையோடு நிலுவை இல்லை என்று கணினி சொல்லிவிட்டது. மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்துத் தொண்ணூறு. முனீஸ்வரி எழுந்து நின்று கை கொடுத்தாள். முத்துச்செல்வி அன்றைக்குக் கால்கிலோ காராச்சேவு வாங்கிவந்து, பதினேழு மாதத்தில் முதல்முறையாகத் தன் வீட்டு அடுப்பில் டீ போட்டுக் குடித்தாள்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பீமாராவ் வந்தான். ஒரு போன் இல்லை, ஒன்றுமில்லை. கையில் பையும் இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“வாடா. என்னடா இப்படிக் கரிக்கட்டையா வந்து நிக்கிற? பிள்ளைகள் எங்க?”

“வரலைக்கா.” சமையற்கட்டு வரை வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “அக்கா, இன்னும் அரை மணி நேரத்துல ஒருத்தர் வருவாரு. வீட்டை உள்ள வந்து பாக்க.”

“எந்த வீட்டை?”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. கம்பெனியில் ஆள் குறைத்ததில் இவன் வேலை போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கூட்டாளியோடு சேர்ந்து லேத் பட்டறை போட்டான். கூட்டாளி மிஷினோடு போய்விட்டான். பைனான்ஸ்காரர்கள் மகன் முகேஷ் படிக்கிற காலேஜ் வாசலிலேயே போய் நிற்கிறார்கள். வீட்டை விற்க ஏழு மாதமாக அலைந்திருக்கிறான்.

“ரெண்டு பேரு வந்தாங்கக்கா. அக்கா குடியிருக்குன்னு சொன்னதுமே ஓடிட்டாங்க. பொறந்தவ இருக்க வீட்டை வாங்கி வில்லங்கத்துல மாட்ட முடியாதுன்னுட்டாங்க. மூணாவதா வந்தவரு கீழமாசி வீதியில பாத்திரக்கடை வச்சிருக்க பாய். சேக் இஸ்மாயில்னு பேரு. அவருகிட்ட நான் ஒண்ணுமே சொல்லல. அவரா போயி வரி ஆபீசுல பாக்கி இருக்கான்னு விசாரிச்சிருக்காரு. அங்க கிளார்க்கு ஒருத்தரு பைசா பாக்கி இல்லன்னு சொல்லி, பைல்ல இருந்த ஒரு லெட்டரையும் காட்டியிருக்காரு. வாடகைக்கு இருக்க அம்மாதான் கட்டுனாங்கன்னு.” அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். “அந்தம்மா காலி பண்ணிருவாங்களான்னு அவரு கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்.”

முத்துச்செல்விக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஒங்கிட்டச் சொன்னா நீ வீட்டை வித்துருவன்னு பயந்துதாண்டா நான் அப்படி எழுதிக் குடுத்தேன்.”

“தெரியும்க்கா.”

“காதுத் தோட்டை வச்சுக் கட்டுனேன்டா.”

“அக்கா, அஞ்சு லட்சம் அட்வான்ஸ் வாங்கிட்டேன். வாங்குன அன்னைக்கே பைனான்ஸ்காரன் கையில குடுத்துட்டேன். இது நின்னுபோச்சுன்னா நான் திருப்பிக் குடுக்க வழியில்ல.” அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவள் திட்டியிருப்பாள், நாலு அடிகூட அடித்திருப்பாள். அவன் வெறுமனே அந்தத் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அந்தாளு நல்ல மனுஷன். உன்னைய ஒரு வார்த்தை கேப்பாரு. நீ யாருன்னு கேப்பாரு. நீ அக்கான்னு சொன்னியன்னா எழுந்திரிச்சுப் போயிருவாரு. அம்புட்டுதான்.”

“நான் எங்கடா போவேன்?”

ஓசூரில் ஒற்றை அறை, அதில் நாலு பேர். வா என்று சொல்ல அவனுக்கு வாயும் வரவில்லை, வருகிறேன் என்று சொல்ல இவளை மானமும் விடவில்லை.

சேக் இஸ்மாயில் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை. கூடவே கல்யாணம் ஆன மகள் ஷிபா. வீடு அவளுக்குத்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, “வரலாமா தாயி?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்து, “நின்னு கட்டியிருக்காக” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே முத்துச்செல்விக்கு அவரைப் பிடித்துப்போனது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“வரி ரசீதெல்லாம் ஒங்ககிட்ட இருக்காமே?”

பைலை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுநூறு ரூபாய் ரசீதில் விரல் நின்றது. பிறகு மூடி வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“தாயி, நான் ஒளிவுமறைவு இல்லாமக் கேக்குறேன். எங்க அத்தா மௌத்தாகி அவரு சொத்து எங்க கைக்கு வந்தப்ப என் தங்கச்சிகளுக்குக் கணக்குப் பாத்துக் குடுத்துட்டுத்தான் நான் கடையைத் தொறந்தேன். ஒரு பொம்பளைப்பிள்ளை வயிறெரிஞ்சு வெளிய போன வீட்டுல என் மகளைக் குடிவைக்க மாட்டேன். இந்த வீட்டுல யாருக்காவது பாத்தியதை இருக்கா? நீங்க இவருக்கு என்ன வேணும்?”

பீமாராவ் வாசல்படிப் பக்கம் நின்றிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. முத்துச்செல்விக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அப்பாவின் முதுகு மாதிரியே இருந்தது.

நான் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் முடிந்தது. வீடு தப்பிவிடும். அடுத்த வாரம் ஐந்து லட்சத்தை இவர் திருப்பிக் கேட்பார். அதற்கடுத்த வாரம் பைனான்ஸ்காரன் மறுபடியும் முகேஷ் காலேஜ் வாசலில் நிற்பான். தம்பி எதையாவது குடித்துத் தொலைப்பான். அப்படி நடக்காமலும் போகலாம். ஆனால் நடந்துவிட்டால் இந்தச் சுவரைக் கட்டிக்கொண்டு அவள் யாருக்காக உட்கார்ந்திருப்பது? அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ‘எங்க அக்காதான் பாய்’ என்று அவனாகத் திரும்பிச் சொல்லிவிட்டால் போதும், பிறகு வீடு எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். அவன் திரும்பவில்லை.

“வாடகைக்குத்தான் இருக்கேங்க” என்றாள்.

சேக் இஸ்மாயில் பைலை எடுத்துத் தட்டினார். “அப்படின்னா இது என்ன நியாயம் தம்பி? வாடகைக்கு இருக்க பொம்பளை ஒங்க ஒன்பது வருசத்து வரியைப் பதினேழு தவணையில கட்டியிருக்கு. எழுநூறு ரூபா கட்டுன மாசமும் இருக்கு. என்ன பாடு பட்டுச்சோ. இதை நீங்க திருப்பிக் குடுத்தீங்களா?”

“இல்ல பாய்” என்றான் பீமாராவ், தரையைப் பார்த்து.

“அந்தப் பணத்தைக் குடுக்காம இந்த வீடு எனக்கு ஹராம், ஆகாத காரியம். விலையில பிடிச்சுக்கிறேன். இப்பவே குடுத்துர்றேன்.” சட்டைப் பையிலிருந்தும் ஷிபாவின் கைப்பையிலிருந்தும் எடுத்து எண்ணினார். தொண்ணூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் நூறாகவே வைத்தார். கோடு போட்ட தாளில் ஷிபா எழுதினாள்: வாடகைதாரர் முத்துச்செல்வி, தான் கட்டிய வரித்தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டார், இனி இந்த வீட்டில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. நல்ல கையெழுத்து. முத்துச்செல்வி வாசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“ரெண்டு மாசம் எடுத்துக்கங்க, அவசரமில்ல” என்றார் சேக் இஸ்மாயில். “இதை வச்சு வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துக்கங்க தாயி. இப்பல்லாம் அம்பதாயிரம் இல்லாம யாரும் வீடு தரமாட்டேங்குறாக.”

அவள் பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இதுவரை இவ்வளவு பெரிய தொகையை அவள் மொத்தமாகப் பார்த்ததில்லை. கொடுத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பி வந்தது ஒரே மூச்சில்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே அவர் பீமாராவிடம் சொல்வது கேட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒருத்தி வாடகைக்கு வர்றது அபூர்வம் தம்பி. நீங்க குடுத்து வச்சவரு.”

முத்துச்செல்வி பணத்தோடு அசையாமல் நின்றாள். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று, கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகும், அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது.

“ஆமா பாய்” என்றான் தம்பி.